வெள்ளைத் தாளில் ஒரு வேலிச்செடி: தாமிரபரணிச் சமவெளியின் கள்ளியும் காலனியக் காட்சிப் பதிவுகளும்

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலக்காட்சியோடு பிரிக்க இயலாததாகக் கருதப்படும் சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடியாகும். சங்க இலக்கியம் குறிப்பிடும் கள்ளியோ வேறொரு தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் தமிழ் ஒரே சொல்லால் வழங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டு முதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை உருவான தாவர ஓவியங்களும் பழைய ஒளிப்படங்களும் இச்செடிகளை எவ்வாறு பதிவுசெய்தன, எவற்றை விலக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓவியம் செடியின் உறுப்புகளைத் துல்லியமாகக் காட்டி, அதன் நிலத்தை நீக்கியது. ஒளிப்படம் நிலத்தைக் காட்டி, செடியை அடையாளமற்றதாக்கியது. இரண்டையும் தமிழ்ச் சொல்வழக்கோடு இணைத்து வாசிக்கும்போதே கள்ளியின் வரலாறு தெளிவாகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

முதன்மைச் சொற்கள்: சப்பாத்திக்கள்ளி, சதுரக்கள்ளி, தாவர ஓவியம், ராபர்ட் வைட், ரங்கையா, பாலைத் திணை, பழைய ஒளிப்படம், தாமிரபரணி.

முன்னுரை

தாமிரபரணி பாயும் நிலத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. பாபநாசத்திலிருந்து ஆற்றின் இரு கரைகளிலும் நீளும் நெல்வயலும் வாழைத்தோட்டமும் ஒரு முகம். கால்வாய் நீர் எட்டாத மேட்டு நிலமும், உடைமரங்களும், பனங்காடும், கடற்கரை நோக்கிச் செல்லும் செம்மணல் தேரியும் மற்றொரு முகம். இம்மேட்டு நிலத்தில் தோட்டத்தின் எல்லையை நெடுங்காலம் காத்து நின்றவை முள்வேலிகள். அவ்வேலிகளில் ஒன்று கள்ளி. வேலி என்ற நிலையில் அது எவராலும் உற்று நோக்கப்படாத செடியாகும். ஆடு மாடு உள்ளே நுழையாதிருக்கும் வரை அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவை எழுவதில்லை.

பேசப்படாத இச்செடி வரையப்பட்டிருக்கிறது. தகடாக அச்சிடப்பட்டு இலத்தீன் பெயரும் பெற்றிருக்கிறது. ஆயினும் தமிழாய்வில் கள்ளி பற்றிய உரையாடல் பெரும்பாலும் சங்கப் பாடல்களின் உவமை, உள்ளுறை என்ற எல்லைக்குள்ளேயே அமைந்துள்ளது. தாவரவியலாளர்களின் எழுத்துகளோ செடியின் பெயரையும் பரவலையும் பற்றிப் பேசுமளவுக்கு அதன் படங்களைப் பற்றிப் பேசுவதில்லை. இவ்விரு துறைகளுக்கும் இடையே கிடக்கும் படங்களைச் சான்றாகக் கொண்டு, அவை எதை அறியச் செய்தன, எதை அறியவிடாமல் செய்தன என்று வினவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரு சொல், இரு குடும்பங்கள்

தமிழில் கள்ளி என்பது ஒரு பொதுச்சொல். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி, கொடிக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி என அடைமொழிகளால் அது வகைப்படுத்தப்படுகிறது. இவற்றுள் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை யூஃபோர்பியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை, ஆமணக்கின் உறவினங்கள். தண்டைக் கீறினால் பால் வடியும். சதுரக்கள்ளியிலும் இலைக்கள்ளியிலும் முட்கள் இணையிணையாக அமையும். பூக்கள் மிகச் சிறியவை. சப்பாத்திக்கள்ளியோ ஒபன்ஷியா என்னும் பேரினம், காக்டஸ் குடும்பம். அதில் பால் இல்லை. தட்டையான மட்டைகளின் மேல் ஆங்காங்கே அமைந்த சிறு திட்டுகளிலிருந்து முட்கள் கொத்தாக எழும். அவற்றோடு கண்ணுக்கு எளிதில் புலப்படாத சுணையும் இருக்கும். பூ பெரியது, மஞ்சள் நிறமானது. பழம் செவ்வூதா நிறத்தில் கனிந்து, தின்ற சிறுவர்களின் வாயைச் சிவக்க வைப்பது.

ஒன்றுக்கொன்று உறவில்லாத இவ்விரு குடும்பங்களும் வறட்சிக்கு ஒரே வகையான விடையைக் கண்டன. இலையைக் குறைத்து, தண்டில் நீரைச் சேமித்து, முள்ளால் தம்மைக் காத்துக்கொண்டன. இவ்வடிவ ஒப்புமையே தமிழ் வழக்கில் புதிய செடிக்குப் பழைய பெயரைப் பெற்றுத் தந்தது எனலாம். இது அறியாமையின் விளைவு அன்று. வேலியாக நிற்பது, முள்ளால் தடுப்பது, வெட்டிப்போட்ட இடத்தில் வேர்விடுவது என்னும் பயன்பாட்டு நோக்கில் இரண்டும் ஒன்றே. மக்கள் வழக்கு உறவை அன்றி உதவியை வைத்துப் பெயரிட்டது.

எனினும் சொல்லின் பழைய பொருள் முற்றும் மறையவில்லை. கள்ளிப்பால் என்ற தொடர் யூஃபோர்பியா இனங்களுக்கே பொருந்தும். பால் இல்லாத சப்பாத்திக்கள்ளி இத்தொடருக்குள் நுழைய முடியாதது, கள்ளி என்னும் சொல் முதலில் எச்செடியைக் குறித்தது என்பதற்கு மொழிக்குள்ளேயே கிடைக்கும் சான்றாகும். குறுந்தொகையின் 16ஆம் பாடலும் இதற்குத் துணைநிற்கிறது. பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றிய அப்பாடலில் தலைவன் கடந்து செல்லும் கள்ளிக்காடு அழகிய அடிமரத்தை உடையதாக அடைகொடுத்துச் சொல்லப்படுகிறது. மரமாக உயர்ந்து பருத்த அடியைக் கொள்ளும் சதுரக்கள்ளிக்கு அவ்வடை இயல்பாகப் பொருந்துகிறது. தரையோடு பரந்து புதராகும் சப்பாத்திக்கள்ளிக்கு அவ்வாறு பொருந்துவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒபன்ஷியா அமெரிக்கச் செடி. கொலம்பசின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்கு முன் அது தமிழ்நிலத்தில் இருந்ததாகக் கொள்ள இடமில்லை.

இப்பழைய கள்ளிகளின் முதற் பெரும் காட்சிப் பதிவு மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் உருவானது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ நூலின் இரண்டாம் தொகுதியில் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகிய மூன்றும் அடுத்தடுத்துப் படமாக்கப்பட்டுள்ளன. உள்ளூர்ப் பெயர்களே அங்குத் தலைப்புகளாயின. லின்னேயஸ் 1753இல் ‘யூஃபோர்பியா திருக்கள்ளி’ என்று பெயரிட்டபோது, தென்னிந்தியச் சொல் ஒன்று இப்படத்தின் வழியாகவே உலகத் தாவரவியலுக்குள் நுழைந்தது. ஆனால் திருகுகள்ளியின் தாயகம் ஆப்பிரிக்கா என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. தென்னிந்தியப் பெயரைத் தாங்கிய செடி தென்னிந்தியச் செடி அன்று. படத்தின் அடியில் உள்ள பெயர், செடி எங்கே காணப்பட்டது என்பதைச் சொல்லும். எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. இவ்வேறுபாடு அடுத்து வரும் சான்றுகள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

2. உலர்தாளில் அடங்காத செடி

தாவரவியலின் முதன்மைச் சான்று பொதுவாக ஓவியம் அன்று. அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிய மாதிரியே. ஆனால் சதைப்பற்றுள்ள செடிகள் இம்முறைக்கு எளிதில் இணங்குவதில்லை. அழுத்தும்போது அழுகும், உலர்ந்தால் சுருங்கி வடிவம் இழக்கும், சில வேளைகளில் தாள்களுக்கிடையே உயிரோடிருந்து தளிர்விடவும் செய்யும். ஆகவே காக்டஸ் குடும்பத்தின் வரலாற்றில் ஓவியம் அணிகலனாக அன்றி ஆவணமாகவே விளங்கியது. பிரான்சில் தெ காந்தோல் எழுத ரெதூத்தே ஓவியம் தீட்டி 1799இல் தொடங்கிய சதைப்பற்றுத் தாவர நூல்வரிசை இத்தேவையின் பெருஞ்சான்றாகும். இக்குடும்பத்தின் பல பெயர்களுக்கு மூலச்சான்றாக இன்றும் ஏற்கப்படுவது பழைய ஓவியத் தகடே.

தமிழகத்தில் பரவிய சப்பாத்திக்கள்ளியின் பெயர் வரலாறும் ஒரு படத்தில் தொடங்குகிறது. இலண்டனுக்கு அருகே எல்தம் என்னுமிடத்தில் ஜேம்ஸ் ஷெரார்டு வளர்த்த தோட்டத்தின் செடிகளை டில்லேனியஸ் என்னும் தாவரவியலாளர் தாமே வரைந்து, தாமே செப்புத்தகட்டில் செதுக்கி, 1732இல் ‘ஹோர்ட்டுஸ் எல்தமென்சிஸ்’ என்னும் நூலாக வெளியிட்டார். அதில் இடம்பெற்ற மஞ்சள்நிற முட்களையுடைய ஒரு வகையைச் சுட்டி, அவர் நினைவாகவே கெர் என்பவர் 1818இல் ‘காக்டஸ் டில்லேனி’ என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு ஹாவொர்த் அதனை ‘ஒபன்ஷியா டில்லேனி’ என மாற்றினார். வளர்ந்த மண்ணின் பெயரோ, வளர்த்த மக்களின் பெயரோ இதில் இல்லை. வரைந்தவரின் பெயரே செடியின் பெயராயிற்று.

இதே செடிக்கு இந்தியாவிலும் ஒரு பெயர் அமைந்தது. கோரமண்டல் கரையிலும் பின்னர்க் கல்கத்தாத் தோட்டத்திலும் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பரோ இதனைக் ‘காக்டஸ் இண்டிகஸ்’, அதாவது இந்தியக் காக்டஸ், என வழங்கினார். ஒவ்வொரு வேலியிலும் ஒவ்வொரு தரிசிலும் அவர் அதைக் கண்டிருக்கக்கூடும். இந்தியச் செடியாகவே அது தோன்றியதில் வியப்பில்லை. ஆப்பிரிக்கச் செடிக்குத் தென்னிந்தியப் பெயர், அமெரிக்கச் செடிக்கு இந்தியப் பெயர் என்னும் இம்முரணைத் தனிமனிதப் பிழையாகக் கொள்வது பொருந்தாது. செடியை அதன் பயணத்திலிருந்து பிரித்து, கண்ட இடத்திலேயே நிறுத்திப் பார்க்கும் முறையின் விளைவு இது.

3. அருவியும் முள்வேலியும்: திருநெல்வேலி வரையப்பட்ட முறை

திருநெல்வேலிச் சீமையை ஐரோப்பியக் கண்களுக்குப் பரவலாக அறிமுகப்படுத்திய ஓவியர்களுள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் முதன்மையானவர்கள். 1792இல் இப்பகுதிக்கு வந்த அவ்விருவரின் ‘ஓரியண்டல் சீனரி’ வரிசையில் பாபநாசம் அருவியும் குற்றாலம் அருவியும் களக்காட்டருகிலிருந்து கண்ட குமரிமுனை மலையும் இடம்பெற்றன. மூன்றும் மலை சார்ந்தவை. இரண்டு நீர் சார்ந்தவை. வண்ணக் காட்சி என்னும் அக்கால அழகியல் தேடிய உயரமும் வீழ்ச்சியும் அடர்வனமும் அங்கே கிடைத்தன. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலம் அவ்வழகியலுக்கு உரிய பொருளாகவில்லை. பாலையைத் தனித் திணையாகப் பாடிய மரபு தமிழுக்கு உண்டு. டேனியல்களின் அழகியலில் வறட்சிக்கு அத்தகைய தனியிடம் இல்லை.

வறண்ட நிலத்தின் செடி படத்திற்குள் நுழைவதற்கு வேறு வழி தேவைப்பட்டது. அது தாவரவியல் தகடு. ராபர்ட் வைட் (1796–1872) கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர். ஆர்னாட் என்பவரோடு இணைந்து அவர் 1834இல் வெளியிட்ட தீபகற்பத் தாவர நூலில் சப்பாத்திக்கள்ளி ‘ஒபன்ஷியா டில்லேனி’ என்னும் பெயரில் பதிவாகியுள்ளது. திருநெல்வேலி மேட்டு நிலத்தின் அடையாளமான குடை வடிவ உடைமரத்திற்கு அறிவியல் பெயர் தந்ததும் அந்நூலே. அதே காலத்தில் வைட் பாளையங்கோட்டையில் தங்கிய படைப்பிரிவின் மருத்துவராக இருந்தார். 1835இல் குற்றாலத்தில் விரிவாகச் செடி சேகரித்தார். 1836இல் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டு, பருத்தி, புகையிலை, நிலவாகை முதலான வணிகப் பயிர்களை ஆராயப் பணிக்கப்பட்டார். அவருடைய தாவரவியல் ஆர்வமும் கம்பெனியின் வருவாய் நோக்கமும் ஒன்றாகவே பயணம் செய்தன.

வைட்டின் நூல்களில் உள்ள ஓவியங்கள் அவர் கையால் அமைந்தவை அல்ல. ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர் இருவர் அவற்றை வரைந்தனர். 1838 முதல் 1853 வரை வெளியான ‘ஐகோனெஸ்’ வரிசையில் மட்டும் 2101 தகடுகள் உள்ளன. வண்ணந்தீட்டிய ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் இந்தியன் பாட்டனி’ என்னும் இரு தொகுதி நூலின் இரண்டாம் தொகுதியில் ஒபன்ஷியாவுக்கு ஒரு தகடு ஒதுக்கப்பட்டுள்ளது. வைட் தம் ஓவியர்களின் பெயரைத் தகடுகளில் அச்சிட இடமளித்தார். ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அக்கால வழக்கில் இது அரிய செயல். எடின்பரோவைச் சேர்ந்த ஹென்றி நோல்டி 2007இல் வெளியிட்ட மூன்று நூல்கள் இவ்வோவியர்களை வரலாற்றின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தன.

நோல்டியின் மீட்பு இன்றியமையாதது. எனினும் அது வரைந்த கையை மீட்கிறதே அன்றி, வரையப்பட்ட செடியின் நிலத்தை மீட்கவில்லை. தாவரத் தகட்டின் பொது இலக்கணத்தை நோக்கினால் இது விளங்கும். வெள்ளைத் தாளின் நடுவே செடியின் ஒரு பகுதி மட்டும் நிற்கும். பூவும் காயும், இயற்கையில் வெவ்வேறு நாள்களில் தோன்றினாலும், ஒரே கணத்தில் காட்டப்படும். உறுப்புகள் அறுத்துப் பிரிக்கப்பட்டு அடியில் வரிசையாக அமையும். மண், நிழல், அண்டைச் செடி, மனிதர், விலங்கு எதற்கும் இடமில்லை. பெரும்பாலான செடிகளுக்கு இவ்விலக்கணம் பேரிழப்பை விளைவிப்பதில்லை. ஒரு மல்லிகைக் கிளையைக் கண்டு கொடியை ஊகித்துவிடலாம். சப்பாத்திக்கள்ளியின் நிலை வேறு. ஒன்றன்மேல் ஒன்றாக மட்டைகள் முளைத்து, தோட்டத்தைச் சுற்றி ஆள் நுழைய முடியாத சுவராக நிற்பதே அதன் சமூக வடிவம். தாளுக்குள் அடங்குவதோ இரண்டு மூன்று மட்டைகள். படத்தில் அது செடியாகிறது. வேலியாக இருப்பதை இழக்கிறது.

4. சிவப்புச் சாயமும் பூச்சியும்

வெள்ளைத் தாள் நீக்கிய மற்றொன்று பூச்சி. காக்டஸ் மட்டையில் வெண்பஞ்சு போல ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியை நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாயம் கிடைக்கும். மெக்சிகோவிலிருந்து வந்த இச்சாய வணிகத்தை ஸ்பெயின் நெடுங்காலம் தன் பிடியில் வைத்திருந்தது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786 முதல் ஜோசப் பேங்க்ஸுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதி, இச்சாயத்தைச் சென்னையிலேயே உருவாக்க முயன்றார். க்யூ தோட்டத்திலிருந்து வந்த செடிகளைக் கொண்டு சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் அமைக்கப்பட்டது. 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது மெக்சிகோவின் உயர்வகைப் பூச்சி அன்று. தரம் குறைந்த காட்டு வகை. வணிகம் பொய்த்தது.

ஆனால் பூச்சி தன் பணியைச் செய்தது. அது ஒபன்ஷியாவின் ஒரு வகையை மட்டும் உண்டு அழித்தது. 1836–1838 காலப்பகுதியில் தென்னிந்தியாவிலும் அது பரப்பப்பட்டது. ஒரு பூச்சியைக் கொண்டு ஒரு களைச்செடியைக் கட்டுப்படுத்திய உலகின் முதல் நிகழ்வாக இதனைப் பூச்சியியல் வரலாறு குறிப்பிடுகிறது. வைட் பாளையங்கோட்டையிலிருந்து வருவாய்த் துறைக்கு மாறிய ஆண்டுகளும் இவையே. அப்பூச்சி உண்ணாமல் விட்ட வகைதான் வைட்டின் தகட்டில் உள்ள ஒபன்ஷியா டில்லேனி. போட்டியாளர் அகன்ற நிலத்தில் அது மேலும் பரவி, அடுத்த நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் பெருங்களையாயிற்று. இதற்கிடையே 1896இல் அத்தென்னமெரிக்கப் பூச்சிக்கு ‘சிலோனிக்கஸ்’, அதாவது இலங்கையது, என்னும் அடைபெயர் சூட்டப்பட்டது. செடிக்கு நேர்ந்தது பூச்சிக்கும் நேர்ந்தது.

1926இல் மற்றொரு கொச்சினீல் இனம் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் மாகாணத்தின் சப்பாத்திக்கள்ளிப் புதர்கள் பெருமளவு வாடி வீழ்ந்தன. பூச்சியியலாளர் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1931இல் இதனைப் பற்றி எழுதினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் ஒரு செடி வணிகக் கனவாகவும், வேலியாகவும், களையாகவும், இறுதியில் எச்சமாகவும் மாறியது. தாவரத் தகடு இம்மாற்றங்களுள் எதையும் காட்ட இயலாது. அதற்குக் காலம் என்பதில்லை.

5. ஒளிப்படம் காட்டுவதும் மறைப்பதும்

காலத்தையும் இடத்தையும் காட்டுவது ஒளிப்படத்தின் இயல்பு. ஆகவே ஓவியம் விட்டதை ஒளிப்படம் நிரப்பியிருக்கும் என எதிர்பார்க்கலாம். அவ்வெதிர்பார்ப்பு ஓரளவே நிறைவேறுகிறது. எட்மண்ட் டேவிட் லயன் சென்னை அரசுக்காக 1867–1868இல் தென்னகத்தில் எடுத்த படங்களுக்கான குறிப்புகள் 1870இல் ஃபெர்கூசனின் பதிப்பில் வெளிவந்தன. அந்நூலின் தலைப்பே தென்னிந்தியப் பழங்கட்டடக் கலை என்று வரையறுத்துக்கொள்கிறது. கோபுரமும் மண்டபமும் பொருளாகும்போது சுற்றியுள்ள செடி பொருளற்றதாகிறது. இவ்வகைத் தொகுப்புகளில் தாவரங்களைத் தலைப்பின் வழித் தேட முடியாது. படத்தின் ஓரங்களைக் கண்ணால் துழாவியே காண வேண்டும்.

துழாவினாலும் அடையாளம் காண்பது எளிதன்று. அக்கால ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மட்டுமே நன்கு இசைந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவை கருமையாகவே பதிந்தன. தேரியின் செம்மண்ணும் கள்ளியின் பச்சை மட்டையும் மஞ்சள் பூவும் சிவந்த பழமும் அத்தகட்டில் ஏறத்தாழ ஒரே இருளாகிவிடும். வானமோ எழுதாத தாள் போல வெளுத்துவிடும். ஒரு செய்தியில் மட்டும் கள்ளிக்கு ஒளிப்படம் துணைநின்றது. நீண்ட நேரம் ஒளி பாய்ச்ச வேண்டிய அத்தொழில்நுட்பத்தில் காற்றிலாடும் பனையோலை மங்கிப்போகும்; அசையாத கள்ளி மட்டையின் விளிம்பு கூர்மையாகப் பதியும். வண்ணத்தைத் தகட்டோவியத்திலும் புதரின் வடிவத்தை ஒளிப்படத்திலும் பெற்று, இரண்டையும் ஆய்வாளரே இணைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

தாமிரபரணிக் கரையிலேயே இதற்கு ஓர் இணையான நிகழ்வு உண்டு. 114 ஏக்கர் பரப்புள்ள ஆதிச்சநல்லூர் தாழிக்காட்டை அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தார். 1915இல் வெளியான அவருடைய பொருட்பட்டியலின் படத்தகடுகளில் அகழ்ந்தெடுத்த பொருள்கள் வெற்றுப் பின்புலத்தில் வரிசையாக அமைந்துள்ளன. கருவி ஒளிப்படக் கருவியாயினும் இலக்கணம் தாவரத் தகட்டின் இலக்கணமே. புறநானூற்றின் இடுகாட்டுக் காட்சிகளில் தாழியும் கள்ளியும் ஒரே நிலத்துக்குரியவை. பட்டியலில் தாழி நிலத்திலிருந்து பிரிகிறது. தாவர நூலில் கள்ளி நிலத்திலிருந்து பிரிகிறது. இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பது பாட்டு மட்டுமே.

காக்டசையே பொருளாகக் கொண்ட ஒளிப்படங்கள் இருபதாம் நூற்றாண்டில் பிற நாடுகளில் பெருகின. பிரிட்டனும் ரோசும் 1919–1923இல் வெளியிட்ட நான்கு தொகுதி நூலில் மேரி எமிலி ஈட்டனின் வண்ண ஓவியங்களோடு ஒளிப்படங்களும் இணைந்தன. ஜெர்மனியில் ரெங்கர்-பாட்ச் 1920களில் காக்டசின் மடிப்பையும் முள்ளின் ஒழுங்கையும் அண்மைக் காட்சியில் எடுத்து அதனைத் தூய வடிவமாக்கினார். அதே பத்தாண்டில் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் ஒரே இடத்தைப் பூச்சி விடுவதற்கு முன்னும் சில ஆண்டுகள் பின்னும் எடுத்த இணைப்படங்கள் தோன்றின. ஆலன் டாட் 1940இல் எழுதிய நூல் வழி அவை புகழ்பெற்றன. ஐரோப்பியச் சாளரத்தில் அழகுப்பொருளாக நின்ற அக்குடும்பத்தின் செடி, ஆஸ்திரேலியாவிலும் தென்னிந்தியாவிலும் அழிக்கப்பட வேண்டிய பகையாக நின்றது. குவின்ஸ்லாந்து இணைப்படங்கள் வெற்றியைக் காட்டுகின்றன. ஆனால் வேலியையும், பஞ்ச காலத்தில் முள் நீக்கி மாட்டுக்கு இடும் தீவனத்தையும், பழத்தையும் ஒருங்கே இழந்த சிற்றூர்க்காரரின் நோக்கில் இரண்டாவது படம் எவ்வாறு தோன்றும் என்னும் வினா அவற்றுக்குள் எழுவதில்லை. மேட்டு நிலத்தில் கள்ளி களை மட்டும் அன்று.

6. பாலைக்கு எச்செடியை வரைவது?

இதுவரை கண்டவை தமிழாய்வுக்கு நேரடியாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. பாலைத் திணையை விளக்கும் இன்றைய படங்களில் சப்பாத்திக்கள்ளி இடம்பெறுவதுண்டு. சங்கப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் கள்ளி காக்டசாகவே பெயர்க்கப்பட்டுள்ளது. இதனைச் சிறு பிழையென்று ஒதுக்கிவிட இயலாது. காக்டஸ் என்றதும் வாசகர் மனத்தில் எழுவது மணற்பாலைவனம். சங்கப் பாலையோ முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்த நிலம். மரமும் பறவையும் பல்லியும் வழிப்பறிப்போரும் உள்ள காடு. செடி மாறும்போது திணையின் கருப்பொருள் மட்டுமன்றி முதற்பொருளும் மாறிவிடுகிறது.

இப்பிழைக்குத் தமிழ்ச் சொல்வழக்கே ஒரு காரணம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் வந்த பல செடிகளுக்குத் தமிழ் ‘சீமை’ என்னும் அடையைத் தந்து அவற்றின் வரவைப் பதிவுசெய்துள்ளது. கள்ளி விட்டுச்சென்ற வேலியிடத்தை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிடித்துக்கொண்ட சீமைக்கருவேலத்தின் பெயரிலேயே அதன் அயன்மை வெளிப்படையாக உள்ளது. சப்பாத்திக்கள்ளிக்கு அவ்வடை அமையவில்லை. ‘சப்பாத்தி’ என்பது மட்டையின் தட்டை வடிவைச் சுட்டுகிறது. ‘நாகதாளி’ என்னும் மறுபெயர் படமெடுத்த பாம்பை நினைவூட்டுகிறது. இரண்டும் செடி எப்படி இருக்கிறது என்று சொல்பவை. எப்போது வந்தது என்று சொல்பவை அல்ல. மொழி தன் இயல்பில் அச்செடியை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்றுக்கொண்ட மொழியில் குறையில்லை. அவ்வேற்பை ஈராயிரம் ஆண்டுப் பழமையாகக் கொள்ளும் ஆய்வில்தான் குறை உள்ளது.

ஆகவே இலக்கியத் தாவரங்களை அடையாளம் காணும் முயற்சிகளில் சொல்லொப்புமை மட்டும் போதாது. வான் ரீட் நூலின் சதுரக்கள்ளிப் படத்தையும் வைட் நூலின் ஒபன்ஷியாப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே, ஒரே சொல்லுக்குள் இரண்டு செடிகள் நிற்பது விளங்கிவிடும். பாலும் இணைமுள்ளும் ஒருபுறம். பெரும்பூவும் சுணையும் மறுபுறம்.

முடிவுரை

தாமிரபரணிச் சமவெளியின் கள்ளி குறித்த காட்சிப் பதிவுகள் மூன்று செய்திகளை உணர்த்துகின்றன. முதலாவதாக, உலர்தாளில் அடங்காத காக்டஸ் குடும்பத்திற்கு ஓவியமே சான்று என்பதால், அவ்வோவியத்தின் இலக்கணம் அறிவின் இலக்கணமாகவும் ஆகிவிட்டது. செடி அறியப்பட்டது, வேலி அறியப்படவில்லை. இரண்டாவதாக, திருக்கள்ளி, இண்டிகஸ், சிலோனிக்கஸ் ஆகிய பெயர்கள் காணப்பட்ட இடத்தைப் பிறந்த இடமாகத் தோன்றச் செய்பவை. மூன்றாவதாக, பழைய ஒளிப்படங்கள் நிலத்தை மீட்டுத் தந்தாலும், தம் வேதியியலின் எல்லையாலும் தலைப்பிடும் முறையாலும் செடியை மீண்டும் மறைத்தன.

ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்கள் இன்று மீட்கப்பட்டுள்ளன. அவர்கள் வரைந்த செடிகளைத் தமிழ்ப் பெயர், வளர்ந்த நிலம், பயன்கொண்ட மக்கள் ஆகியவற்றோடு இணைத்துக் காணும் பணி தமிழாய்வுக்குரியது. பாளையங்கோட்டையைச் சுற்றிய மேட்டு நிலத்தில் கள்ளிவேலியைக் கண்ட முதியோர் நினைவுகளும், ஊர்ப்பெயர்களிலும் வயற்பெயர்களிலும் தங்கியிருக்கும் கள்ளியும் இப்பணிக்கு உரிய களங்களாகும். வெள்ளைத் தாளில் தனித்து நிற்கும் அம்மட்டையைச் சுற்றி மீண்டும் ஒரு தோட்டத்தை வரைந்து பார்க்க அவை உதவும்.